மண்டபத்துக்குள் இருட்டு, வெளியே வெள்ளை: எச்டிஆர் எங்கிருந்து தொடங்குவது?

கேட்டவர் எழுதியிருப்பது சுருக்கமாக இதுதான்: கையில் கேனன் 1500டி கேமராவும் அதோடு வந்த 18-55 லென்ஸும் இருக்கின்றன. பழைய மண்டபங்களையும் அரண்மனைகளையும் எடுக்க ஆசை. உள்ளே நின்று முற்றத்தையும் சேர்த்து எடுத்தால் தூண்கள் கறுத்துப்போகின்றன. தூண்கள் தெரியும்படி எடுத்தால் முற்றம் வெள்ளைத்தாள் மாதிரி ஆகிவிடுகிறது. எச்டிஆர் (இருட்டும் வெளிச்சமும் ஒரே படத்தில் அடங்கும்படி பல படம் எடுத்து ஒன்றாகச் சேர்ப்பது) செய்தால் சரியாகிவிடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அதற்கு எந்த மென்பொருள் வாங்குவது, புது கேமரா வேண்டுமா, போனிலேயே எச்டிஆர் இருக்கும்போது இவ்வளவு சிரமம் தேவைதானா?

கேள்வி மென்பொருளைப் பற்றி இருந்தாலும், அடியில் இருக்கும் கேள்வி வேறு என்று எனக்குப் படுகிறது. என் கண்ணுக்குத் தூணும் முற்றமும் சேர்ந்து தெரிகின்றனவே, கேமராவுக்கு ஏன் தெரியவில்லை? அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் மென்பொருள் எது என்பது சின்ன விஷயமாகிவிடும். மதுரையில் கட்டட வடிவமைப்பாளர்களுக்காக வீடுகளையும் கட்டடங்களையும் பதினைந்து வருடங்களுக்கு மேலாகப் படமெடுத்து வருகிறேன். ஜன்னலுக்கு வெளியே வெயிலும் அறைக்குள் நிழலும் என்பதுதான் என் அன்றாடப் பிரச்சினை. அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன். கேனனும் நிக்கானும்தான் நான் அதிகம் புழங்கியவை. மற்ற கேமராக்களில் மெனு வேறு மாதிரி இருக்கும், அடிப்படை மாறாது.

கண் எல்லாவற்றையும் ஒரே நொடியில் பார்ப்பதில்லை. தூணைப் பார்க்கும்போது அந்த இருட்டுக்குப் பழகுகிறது, முற்றத்தைப் பார்க்கும்போது வெயிலுக்குப் பழகுகிறது. இரண்டையும் சேர்த்து ஒரே காட்சியாக நமக்குக் கொடுப்பது மூளை. கேமராவுக்கு அந்த வசதி கிடையாது. ஷட்டர் திறந்திருக்கும் அந்த ஒரு கணத்தில் வந்த வெளிச்சம்தான் அதற்கு எல்லாம். சென்சாரில் உள்ள ஒவ்வொரு பிக்சலையும் மழையில் வைத்த ஒரு குடமாக நினைத்துக்கொள்ளுங்கள். வெயில் விழும் இடத்துக் குடம் சீக்கிரம் நிரம்பி வழிந்துவிடும். வழிந்த பிறகு எவ்வளவு பெய்தது என்று சொல்ல வழியில்லை, அதுதான் வெள்ளை. நிழலில் உள்ள குடத்தில் நாலு சொட்டுதான் விழுந்திருக்கும். அதைத் தூக்கிப் பார்த்தால் பிம்பத்தோடு புள்ளிபுள்ளியாக இரைச்சலும் சேர்ந்து வரும். நிரம்பி வழிவதற்கும் இரைச்சலில் மூழ்குவதற்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் டைனமிக் ரேஞ்ச். இதை ஸ்டாப் கணக்கில் சொல்வார்கள். ஒரு ஸ்டாப் கூடினால் வெளிச்சம் இரட்டிப்பு. 10 ஸ்டாப் வித்தியாசம் என்றால் 1024 மடங்கு.

இந்தத் தொல்லை டிஜிட்டல் காலத்தில் வந்தது இல்லை. 1850களில் பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே கடற்காட்சிகளை எடுத்தபோது, அன்றைய கண்ணாடித் தகடுகளில் கடல் சரியாக வந்தால் வானம் வெளிறிப்போகும். அவர் கடலுக்கு ஒன்று, வானத்துக்கு ஒன்று என்று தனித்தனி நெகட்டிவ் எடுத்து, தொடுவானத்தில் இரண்டையும் இணைத்து ஒரே படமாக அச்சிட்டார். நீங்கள் செய்யப்போவதும் அடிப்படையில் அதே வேலைதான். என்ன, அவர் கையால் செய்ததை இப்போது கணினி பிக்சல் பிக்சலாகச் செய்கிறது. அதற்கான கணிதத்தை 1997இல் பால் டெபெவெக்கும் ஜிதேந்திர மாலிக்கும் ஓர் ஆய்வுக் கட்டுரையில் தெளிவாக வகுத்துக் கொடுத்தார்கள். வெவ்வேறு எக்ஸ்போஷரில், அதாவது கூடவும் குறையவும் வெளிச்சம் விட்டு எடுத்த படங்களை வைத்து, அந்தக் காட்சியில் ஒவ்வொரு புள்ளியிலும் வெளிச்சம் ஒப்பளவில் எவ்வளவு இருந்தது என்று பின்னோக்கிக் கணக்கிடும் முறை அது.

சரி, மண்டபத்துக்கு வருவோம். கேட்டவர் ஊர் சொல்லவில்லை, ஆகவே எனக்கு நன்றாகத் தெரிந்த இடத்தையே எடுத்துக்கொள்கிறேன். மதுரை திருமலை நாயக்கர் மகால், 1636இல் கட்டியது. வானம் திறந்த பெரிய முற்றம், அதைச் சுற்றிப் பருத்த தூண்களும் வளைவுகளும். காலை பதினொரு மணிக்குத் தூண்களுக்குப் பின்னால் நின்று முற்றத்தைப் பார்த்து எடுக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேமராவை ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) 100, அப்பர்ச்சர் (லென்ஸின் துளை அளவு) எஃப் 8 என்று வைத்து, வெளிச்சத்தை அளக்கும் மீட்டரிங்கைப் பார்ஷியலுக்கு மாற்றுங்கள். அப்போது வியூஃபைண்டரின் நடுப்பகுதியை மட்டும்தான் கேமரா அளக்கும். லென்ஸை 55க்கு இழுத்து, வெயில் விழும் வெளிர்நிறச் சுவரை மட்டும் நடுவில் வைத்து அளந்தால் ஏறக்குறைய 1/1000 நொடி என்று காட்டும். அப்படியே திரும்பி, உங்களுக்குப் பக்கத்தில் வளைவுக்கு மேலே இருட்டாக இருக்கும் மூலையை அளந்தால் 1 நொடி என்று வரும். 1/1000க்கும் 1 நொடிக்கும் நடுவில் 10 ஸ்டாப். உங்கள் படம் ஏன் கெடுகிறது என்பதற்குக் காரணம் இந்த எண்ணில் இருக்கிறது.

இங்கேதான் ரொம்பப் பேர் தவறான கணக்குப் போடுகிறார்கள். 10 ஸ்டாப் வித்தியாசம், ஆகவே 1/1000 தொடங்கி 1 நொடி வரை பத்துப் பதினொரு படம் வேண்டும் என்று நினைப்பார்கள். வேண்டியதில்லை. மீட்டர் சொல்லும் எண், அளந்த இடத்தை நடுத்தரச் சாம்பல் நிறமாகக் காட்டுவதற்கான எண். வெயில் சுவர் சாம்பலாகத் தெரிய வேண்டாம், வெளிச்சமாகத் தெரிய வேண்டும், பூச்சின் சொரசொரப்பு மட்டும் போகக்கூடாது. அதற்கு மீட்டர் சொன்னதைவிட 2 ஸ்டாப் கூடுதலாகக் கொடுக்கலாம்: 1/250. இருட்டு மூலையும் சாம்பலாக வேண்டாம், இருட்டாகவே இருக்கட்டும், உள்ளே ஏதோ இருக்கிறது என்று தெரிந்தால் போதும். அதற்கு 1 நொடியிலிருந்து 4 ஸ்டாப் குறைக்கலாம்: 1/15. ஆக, 1/250, 1/60, 1/15 என்று 2 ஸ்டாப் இடைவெளியில் மூன்றே படங்கள். உங்கள் 1500டியில் உள்ள தானியங்கி பிராக்கெட்டிங் (எக்ஸ்போஷரைத் தானே மாற்றி வரிசையாக எடுக்கும் வசதி) மூன்று படம், கூட்டியும் குறைத்தும் 2 ஸ்டாப் வரை தரும். மகாலுக்கு அது கச்சிதமாகப் பொருந்துகிறது. புது கேமரா தேவையில்லை என்று நான் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான். நிக்கான் டி3500 வைத்திருக்கும் யாராவது இதைப் படித்தால், அதில் தானியங்கி பிராக்கெட்டிங் கிடையாது. ஷட்டர் வேகத்தைக் கையால் மாற்றி மூன்று படம் எடுத்துக்கொள்ளுங்கள், பலன் ஒன்றுதான்.

எச்டிஆர் தேவையா என்பதையும் இதே அளவீடுதான் சொல்லும். மேகமூட்டமான நாளில் அதே இடத்தில் நின்று அளந்தால் வித்தியாசம் 6 ஸ்டாப்பாகக் குறைந்திருக்கலாம். அன்றைக்கு ஒரே ஒரு ரா ஃபைல் (சென்சார் பிடித்த தகவலை அப்படியே வைத்திருக்கும் ஃபைல்) போதும். வெளிச்சப் பகுதி வெள்ளையாகிவிடாதபடி கொஞ்சம் குறைத்து எடுத்து, நிழலைக் கணினியில் 2 ஸ்டாப் தூக்கினால் முடிந்தது. ஜேபெக்கில் இதைச் செய்ய முடியாது. நிழல் பகுதியில் அதற்கு வேண்டிய தகவலை கேமரா அப்போதே தூக்கி எறிந்திருக்கும். ஆகவே எச்டிஆர் செய்கிறீர்களோ இல்லையோ, இன்றைக்கே கேமராவை ராவுக்கு மாற்றிவிடுங்கள். உங்கள் கேமராவில் 3 ஸ்டாப்புக்கு மேல் தூக்கினால் நிழலில் புள்ளிகள் தெரிய ஆரம்பிக்கும். புதிய சென்சார்கள் இந்த விஷயத்தில் நிறைய முன்னேறிவிட்டன. முன்பு மூன்று படம் எடுத்த இடத்தில் நானே இப்போது ஒன்றோடு நிறுத்திக்கொள்வது உண்டு.

எடுக்கும்போது செய்ய வேண்டியவை அதிகம் இல்லை, ஆனால் ஒன்றை விட்டாலும் வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். மோடை மேனுவலில் வையுங்கள். அப்பர்ச்சர் எஃப் 8, நடுப்படம் 1/60. மூன்று படத்திலும் ஷட்டர் மட்டுமே மாற வேண்டும். அப்பர்ச்சர் மாறினால் ஃபோகஸின் ஆழம் மாறிவிடும், பிறகு படங்கள் ஒன்றோடொன்று பொருந்தாது. ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டால் நீங்கள் கூட்டிய வெளிச்சத்தைக் கேமரா சத்தமில்லாமல் குறைத்துவிடும். ஒரு தடவை ஃபோகஸ் பிடித்ததும் லென்ஸில் உள்ள சுவிட்சை எம்எஃப் பக்கம் தள்ளிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு படத்துக்கும் அது புதிதாகத் தேடும். வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் ஒயிட் பேலன்ஸும் ஆட்டோவில் வேண்டாம். 2 நொடி டைமரை வைத்து அமுக்கினால் மூன்று படத்தையும் அதுவே வரிசையாக எடுத்துவிடும், கை பட்டு ஆடும் பிரச்சினை இல்லை. உங்கள் கேமராவில் சரியான படம், இருட்டானது, வெளிச்சமானது என்ற வரிசையில் வரும். கேமராவை அணைத்தால் பிராக்கெட்டிங் அமைப்பும் போய்விடும், திரும்பப் போட வேண்டும். எடுத்ததும் இருட்டான படத்தின் ஹிஸ்டோகிராமை (இடப்பக்கம் இருட்டும் வலப்பக்கம் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடம்) பாருங்கள், வலது ஓரத்தில் முட்டி நிற்கக்கூடாது. அப்புறம் வெளிச்சமான படத்தைப் பாருங்கள், இடது ஓரத்தில் பெரிய குவியல் இருக்கக்கூடாது. இரண்டும் சரி என்றால் காட்சி முழுவதும் உங்கள் கையில். இன்னொரு பழக்கமும் சொல்கிறேன்: ஒவ்வொரு தொகுப்புக்கும் முன்னால் லென்ஸுக்கு நேரே உள்ளங்கையை நீட்டி ஒரு படம் எடுத்துவிடுங்கள். வீட்டில் இருநூறு ஃபைல்களைத் திறந்து எந்த மூன்று எந்த மூன்றோடு என்று தேடும்போது அந்த உள்ளங்கைதான் காப்பாற்றும்.

லென்ஸைத் துடைப்பதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். ஜன்னலோ விளக்கோ படத்தின் சட்டத்துக்குள் இருந்தால், லென்ஸில் உள்ள தூசியிலும் விரல் ரேகையிலும் அந்த ஒளி சிதறி நிழல் பகுதி முழுவதும் மெல்லிய வெண்புகை மாதிரி படரும். எத்தனை எக்ஸ்போஷர் எடுத்தாலும் அந்தப் புகை ஒவ்வொன்றிலும் இருக்கும், மென்பொருளால் அதைப் பிரித்தெடுக்க முடியாது. கடைக்காரர் மாட்டிக்கொடுத்த யூவி ஃபில்டரையும் இந்த மாதிரிப் படங்களுக்குக் கழற்றிவிடுங்கள். விளக்கின் பிம்பம் அதில் பட்டுத் திரும்பி, படத்தில் வேறொரு மூலையில் இன்னொரு விளக்காக வந்து உட்காரும்.

ட்ரைபாட் இருந்தால் நல்லது. ஆனால் தொல்லியல் துறையின் கீழ் உள்ள இடங்களில் ட்ரைபாடுக்குத் தனியாக முன் அனுமதி கேட்பார்கள். பெரிய கோயில்கள் பலவற்றில் போனையே உள்ளே விடுவதில்லை. போவதற்கு முன் விசாரித்துக்கொள்ளுங்கள். சாமி கும்பிட வந்தவர்களின் வழியில் மூன்று காலை விரித்து நிற்பது எனக்கும் பிடிக்காது. அனுமதி இல்லை என்றால் ஐஎஸ்ஓவை 400க்கு ஏற்றுங்கள். மேலே சொன்ன மூன்று படங்களும் 1/1000, 1/250, 1/60 என்று ஆகிவிடும். டைமரை எடுத்துவிட்டுத் தொடர் ஷட்டருக்கு மாறி, தூணில் முதுகைச் சாய்த்து, முழங்கையை விலாவோடு ஒட்டி, மூச்சை விட்டுவிட்டு பட்டனை அமுக்கிப் பிடித்தால் ஏறக்குறைய ஒரு நொடியில் மூன்றும் முடிந்துவிடும். 18 எம்எம்மில் 1/60 கையிலேயே நிற்கும். மூன்றுக்கும் இடையில் கேமரா நூலளவு நகர்ந்திருந்தால் மென்பொருள் சரிசெய்துகொள்ளும். ஓரங்களில் கொஞ்சம் வெட்டுப்படும் என்பதால் சட்டத்தைச் சற்றுத் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

சரிசெய்ய முடியாதது அசைவு. முதல் படத்தில் தரையில் நின்ற புறா இரண்டாவது படத்தில் பறந்துகொண்டிருக்கும், மூன்றாவதில் இருக்கவே இருக்காது. மூன்றையும் சேர்த்தால் பாதி உடம்போடு ஒரு நிழல் புறா மிதக்கும். இதைப் பேய்ப்பிம்பம் என்று சொல்லலாம். பல மென்பொருள்களில் இதை நீக்க ஓர் அமைப்பு உண்டு. அசைந்த இடத்துக்கு மட்டும் ஒரே படத்தை எடுத்துக்கொண்டு மற்றவற்றை ஒதுக்கிவிடும். ஒருவர் நடந்து போவது, ஒரு கொடி அசைவது, இவற்றுக்கு அது வேலை செய்யும். காற்றில் ஆடும் தென்னை மரத்தைச் சட்டம் நிறைய வைத்தால் எதுவும் உதவாது. கூட்டம் நகரும் இடமும் அப்படியே. அங்கெல்லாம் ஒரே ரா ஃபைலில் முடிந்த அளவுக்கு எடுப்பதுதான் வழி.

இப்போது மென்பொருள். படங்களைச் சேர்க்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, டெபெவெக் வழியில் உண்மையான வெளிச்ச அளவுகளைக் கொண்ட ஒரு ஃபைலை உருவாக்குவது. அதை அப்படியே சாதாரணத் திரையில் காட்ட முடியாது. ஆகவே அந்தப் பெரிய வீச்சைத் திரைக்குள் அடங்கும்படி சுருக்க வேண்டும், அதுதான் டோன் மேப்பிங். இன்னொன்று, 2007இல் மெர்ட்டென்ஸ், காட்ஸ், வான் ரீத் என்ற மூவர் முன்வைத்த எக்ஸ்போஷர் ஃபியூஷன். அது வெளிச்ச அளவைக் கணக்கிடுவதே இல்லை. ஒவ்வொரு இடத்திலும் எந்தப் படத்தில் வேறுபாடு தெளிவாக இருக்கிறது, நிறம் நன்றாக இருக்கிறது, வெளிச்சம் நடுத்தரமாக இருக்கிறது என்று எடைபோட்டு, நல்லவற்றை வழுவழுப்பாகக் கலந்துவிடும். தொடங்குகிறவர்களுக்கு நான் இரண்டாவதையே முதலில் சொல்வேன். திருகிப் பார்க்க அதிகம் இல்லை, ஆகவே கெடுப்பதற்கும் அதிகம் இல்லை. என்ஃபியூஸ் என்ற இலவச மென்பொருள் இந்த வழியில் இயங்குவது, பனோரமா படங்களை ஒட்டும் ஹ்யூகின் மென்பொருளோடு சேர்ந்தே வரும். முதல் வழிக்கு எச்டிஆர்மெர்ஜ் இலவசம். மூன்று ராவையும் சேர்த்து டிஎன்ஜி என்ற ரா வகையில் ஒரே ஃபைலாகக் கொடுத்துவிடும், அதை ரா திருத்தும் மென்பொருளான ராதெரபியில் திறந்து சாதாரண ரா போலவே வேலை செய்யலாம். அடோபியின் லைட்ரூம் மென்பொருளை ஏற்கெனவே வைத்திருந்தால் வேறெதையும் தேட வேண்டாம். மூன்றையும் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல், எச் அமுக்கினால் போதும். வாங்கித்தான் ஆக வேண்டுமா என்று கேட்டால், முதல் ஆறு மாதத்துக்கு ஒரு ரூபாய்கூடச் செலவு செய்ய வேண்டாம் என்பேன்.

சேர்ப்பது ஐந்து நிமிட வேலை. அதற்குப் பிறகு சுருக்குவதில்தான் படம் பிழைப்பதும் சாவதும். நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வடிவமைப்பாளருக்காக ஒரு வீட்டின் முன்கூடத்தை எடுத்தேன். பெரிய ஜன்னல், வெளியே மாமரம், உள்ளே சிவப்பு ஆக்சைடு தரை. ஐந்து படம் எடுத்துச் சேர்த்து, நிழலை முழுக்கத் தூக்கி, வானத்தை முழுக்க இறக்கி, ஒவ்வோர் இலையும் ஒவ்வொரு மூலையும் தெரியும்படி செய்துகொண்டு போனேன். எனக்கு அவ்வளவு பெருமை. அவர் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “தம்பி, இது எத்தனை மணிக்கு எடுத்தது?” என்று கேட்டார். “காலை ஒன்பதரை, சார்” என்றேன். “அந்த ஜன்னலை அங்கே வைத்ததே ஒன்பதரை மணி வெயில் தரையில் விழட்டும் என்றுதான். இதில் வெயிலைக் காணோமே” என்றார். திரும்பிப் பார்த்தேன். தரையில் விழுந்த வெயிலும் அதைச் சுற்றியிருந்த நிழலும் கிட்டத்தட்ட ஒரே அளவு வெளிச்சத்தில் இருந்தன. ஜன்னலுக்கு வெளியே வானம், உள்ளே நிழலில் இருந்த வெள்ளைச் சுவரைவிட இருட்டாக இருந்தது. அப்படி ஒரு வீடு எங்கும் கிடையாது. அன்றிலிருந்து எந்த எச்டிஆர் படத்தை முடித்தாலும், இதைப் பார்க்கிறவருக்கு மணி தெரியுமா என்று ஒரு தடவை கேட்டுக்கொள்கிறேன்.

அதற்கு நடைமுறையில் நான் கடைப்பிடிப்பது இதுதான்: காட்சியில் எது எதைவிட வெளிச்சமாக இருந்ததோ அந்த வரிசை படத்திலும் மாறக்கூடாது. வெயில் சுவர், வானம், நிழல் தரை, தூணின் முகம், மூலை என்று இறங்கினால் படத்திலும் அப்படியே இறங்க வேண்டும். படிகளின் உயரத்தைக் குறைக்கலாம், படிகளை இடம் மாற்றக்கூடாது. எச்டிஆர் என்றாலே ஒரு மாதிரி செயற்கையாக இருக்கும் என்று பலர் சொல்வதற்குக் காரணம், இந்த வரிசை கலைந்திருப்பதுதான். தூணின் ஓரத்தில், கோபுரத்தைச் சுற்றி, வெள்ளையாக ஒரு வளையம் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். மென்பொருள் ஒவ்வொரு புள்ளியையும் அதன் அக்கம்பக்கத்தோடு ஒப்பிட்டு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிறது. இருண்ட கோபுரமும் வெளிச்சமான வானமும் சந்திக்கும் இடத்தில் அந்த ஒப்பீடு தடுமாறி, ஓரத்தை ஒட்டிய வானத்தை மட்டும் கூடுதலாக வெளுக்கச் செய்கிறது. வளையம் தெரிந்தால் சுருக்கத்தின் அளவைக் குறையுங்கள், வேறு மருந்து இல்லை. நிழலைத் தூக்கும்போது நீங்கள் விரும்பும் அளவுக்குத் தூக்கி, அதில் பாதிக்குத் திரும்ப வந்துவிடுங்கள். கறுப்பு என்று ஓரிடமாவது படத்தில் இருக்கட்டும். பாதி மூடிய கருங்கல் மூலை கறுப்பாக இருந்தால்தான் அதற்குப் பக்கத்தில் உள்ள சிற்பத்தின் மேல் படும் வெளிச்சம் வெளிச்சமாகத் தெரியும். முடித்த படத்தை அன்றைக்கே யாருக்கும் அனுப்ப வேண்டாம். இரவு முழுக்கப் பார்த்த கண்ணுக்கு எல்லாமே சரியாகத்தான் தெரியும், காலையில் எழுந்து பாருங்கள்.

போன் பற்றிக் கேட்டிருந்தீர்கள். போனில் எடுப்பதும் உண்மையான எச்டிஆர்தான், ஏமாற்று வேலை இல்லை. உதாரணமாகக் கூகுள் 2016இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் விளக்கிய எச்டிஆர் பிளஸ் முறையில், வெவ்வேறு எக்ஸ்போஷர் எடுக்காமல், வெளிச்சப் பகுதி வழிந்துவிடாத அளவுக்குக் குறைந்த ஒரே எக்ஸ்போஷரில் படபடவென்று பல படம் எடுத்து, அவற்றைச் சராசரியாக்கி நிழலின் இரைச்சலைக் குறைக்கிறார்கள். கை ஆட்டத்தையும் ஆட்கள் நகர்வதையும் இது நன்றாகவே சமாளிக்கும். பயணத்தில், குடும்பத்தோடு போகும்போது, நானும் போனில்தான் எடுக்கிறேன். ஆனால் எவ்வளவு நிழலைத் தூக்குவது, எந்த மூலையை இருட்டில் விடுவது என்ற முடிவு அங்கே உங்களுடையது இல்லை. பொழுதுபோக்காக இதைக் கற்க நினைப்பவருக்கு அந்த முடிவை எடுப்பதில்தான் முழு சந்தோஷமும் இருக்கிறது. எச்டிஆர் டிவி, எச்டிஆர் திரை என்று விளம்பரத்தில் சொல்வது வேறு சங்கதி. அது திரை எவ்வளவு பிரகாசமாகக் காட்ட முடியும் என்பதைப் பற்றியது. 2023இல் ஆண்ட்ராய்டு 14 வந்ததிலிருந்து அப்படிப்பட்ட திரைகளுக்கான புகைப்பட வடிவமும் வந்துவிட்டது. இப்போதைக்கு உங்களுக்கு அது தேவைப்படாது, பெயர்க் குழப்பம் மட்டும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதுவரை எழுதியதில் ஸ்டாப் கணக்கு, அப்பர்ச்சர் மாறக்கூடாது, வழிந்த வெளிச்சம் திரும்பாது, இவை யார் சொன்னாலும் மாறாதவை. சில விஷயங்களில் தொழிலில் இருப்பவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. 1 ஸ்டாப் இடைவெளியில் ஐந்து படம் எடுப்பது 2 ஸ்டாப்பில் மூன்றைவிட நல்லதா என்று கேட்டால், ராவில் எடுக்கும்போது எனக்கு வித்தியாசம் தெரிந்ததில்லை. சட்டத்துக்குள் எரியும் விளக்கோ சூரியனோ இருந்தால் மட்டும் கூடுதல் படங்கள் எடுப்பேன். ட்ரைபாடில் வைக்கும்போது லென்ஸின் ஆட்டம் தடுக்கும் சுவிட்சை அணைக்க வேண்டும் என்பது பழைய அறிவுரை. புதிய லென்ஸ்கள் பல தாமாகவே புரிந்துகொள்கின்றன என்றாலும் உங்கள் லென்ஸில் அணைத்துவிடுங்கள், நஷ்டம் எதுவும் இல்லை. நிழலை எவ்வளவு தூக்கலாம் என்பதில் நான் சொன்னது என் ருசி. எல்லாம் பளிச்சென்று தெரிவதை விரும்பி, அதை அழகாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். சன்னதியில் எண்ணெய் விளக்கு வெளிச்சமும் வாசல் வழியாக வரும் பகல் வெளிச்சமும் சேரும் இடத்தில் எச்டிஆர் பாதிதான் உதவும். வெளிச்ச அளவை அது சமன் செய்யும், ஆனால் ஒரு பக்கம் ஆரஞ்சு, ஒரு பக்கம் நீலம் என்ற நிற வித்தியாசம் அப்படியே நிற்கும். நான் பெரும்பாலும் அதைத் திருத்துவதில்லை. அந்த இடத்தின் குணமே அதுதான்.

மகாலுக்குப் போவதற்கு முன் வீட்டிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்து பாருங்கள். ஜன்னல் உள்ள ஓர் அறையில் ட்ரைபாடை, இல்லையென்றால் மேஜைமேல் நாலு புத்தகத்தை அடுக்கி அதன்மேல் கேமராவை, அசையாமல் வையுங்கள். காலை எட்டு, பகல் பன்னிரண்டு, மாலை நாலு, பொழுது சாயும் நேரம் என்று நாலு தடவை, ஜன்னலுக்கு வெளியேயும் அறையின் மூலையிலும் அளந்து ஒரு தாளில் எழுதிக்கொண்டு, மூன்று மூன்று படம் எடுங்கள். பன்னிரண்டு மணிக்கு எண்கள் நன்றாக விலகி நிற்கும். சூரியன் மறைந்த பிறகு அறை விளக்கைப் போட்டுவிட்டு ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அளந்துகொண்டே இருந்தால், வெளியே வானம் நீலமாக இருட்டிக்கொண்டு வந்து, ஒரு கட்டத்தில் அறைக்குள் இருக்கும் வெளிச்சத்தோடு ஏறக்குறைய சமமாகிவிடும். அது நம் ஊரில் சில நிமிடங்கள்தான் நிற்கும். வீடுகளை எடுக்கும்போது நாங்கள் முக்கியமான படத்தை வைத்துக்கொண்டு காத்திருப்பது அந்தச் சில நிமிடங்களுக்காகத்தான், அப்போது ஒரே ரா ஃபைலில் ஜன்னலும் அறையும் சேர்ந்து வந்துவிடும்.